பென்சில் குறி

1

நான் டெல்லிக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் நிறைந்த அன்று காலையில், என் மகள் பெனிட்டா பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் பெயில் ஆனாள்.

வந்த நாளை நான் மறப்பதில்லை. என் பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிற தேதி அது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு என் மனைவி எஸ்தர் கேசரி கிண்டுவாள். இந்த வருஷமும் ரவையை வறுத்து வைத்திருந்தாள். பெனி செல்போனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"என்னளா?" என்றாள் எஸ்தர்.

"சார் மே பாஸ். தமிழ் மே ஃபெயில்."

நான்கு பாடத்தில் தேறிவிட்டாள். தமிழில் பதினெட்டு மார்க். முப்பத்து மூன்று வேண்டும். எஸ்தர் அடுப்பை அணைத்தாள். வறுத்த ரவை இரண்டு நாள் அப்படியே கிடந்து, பிறகு உப்புமாவாயிற்று.

ஊரில் இருக்கிறவர்கள் கேட்பீர்கள், சாத்தான்குளத்துப் பக்கத்து ஆட்களின் பிள்ளை தமிழில் எப்படிப் பெயில் ஆகும் என்று. போனில் இரண்டு பேர் கேட்டும் விட்டார்கள். விவரமாகச் சொல்கிறேன். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து சார்புச் செயலராக ஓய்வு பெற்றவன் நான். விவரமாக எழுதுவது ஒன்றுதான் எனக்குக் கைவந்த தொழில்.

2

பெனி எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்தவள். எஸ்தர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். இன்னும் பணியில் இருக்கிறாள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பெனி வளர்ந்தாள். பக்கத்து வீட்டில் தஞ்சாவூர்க்காரர், எதிர்வீட்டில் மதுரைக்காரர். அந்த வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வீட்டுப் பிள்ளையும் கீழே புல்தரையில் இந்தியில் சண்டை போட்டு இந்தியில் சமாதானமானார்கள். பெற்றவர்கள் மாடியில் நின்றுகொண்டு, பிள்ளைகள் தமிழை விட்டுவிடுகின்றன என்று ஆளுக்கொரு மாவட்டத் தமிழில் வருத்தப்பட்டோம்.

பதினொன்றாம் வகுப்பில் நான் அவளை அறிவியல் பிரிவில் சேர்த்தேன். முதல் வருஷம் இயற்பியலிலும் கணக்கிலும் போய்விட்டது. அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தாள். கூடப் படித்தவர்கள் மேலே போக, சின்னப் பிள்ளைகள் அவளை அக்கா என்று, 'தீதி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை சீருடை போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டினாள். இரண்டையும் கட்டி முடித்தாள். எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் சீருடையே போடவில்லை.

தேர்ச்சி விகிதம் கெடாமல் பார்த்துக்கொள்வதில் கெட்டிக்காரப் பள்ளி அது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு நான் கடிதம் எழுதி முடிப்பதற்குள் அவர்கள் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். நடத்தை என்ற இடத்தில் 'திருப்தி' என்று போட்டிருந்ததை ஒத்துக்கொள்ளாமல் அரைமணி நேரம் வாதாடி 'நன்று' என்று மாற்றி வாங்கினேன். வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். ஏன் எழுந்திருக்கவில்லை என்று மட்டும் அவளை நான் கேட்கவில்லை. அதற்கென்று ஒரு படிவம் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

3

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஞானம் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். அப்போது தேறியவர்களின் எண்கள் பேப்பரில் வரும். அப்பா என்னைச் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார். டீக்கடையில் நாலு பேர் தலைக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தேன். அக்காவின் எண்ணுக்கு முந்திய எண் இருந்தது. பிந்திய எண்ணும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, பேப்பர் இன்னும் வரவில்லை என்று சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கணக்கு ஒன்றில்தான் போயிருந்தது. அக்டோபரில் மறுபடி எழுதலாம், விண்ணப்பத்தை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் ஆள் விட்டுச் சொன்னார். யாரும் போகவில்லை. ஒரே ஒரு தாள். அடுத்த கோடைக்குள் அக்காவுக்குக் கல்யாணம் முடிந்தது.

விண்ணப்பங்கள் மேல் எனக்கு வந்த பக்தி அங்கே தொடங்கியதுதான். என் வீட்டில் நிரப்பப்படாத தாள் ஒன்றும் கிடக்காது என்று இருந்தேன். சரோஜினி நகரில் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எதுவானாலும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம்தான் வரும். "சாரிடம் கொடுத்துவிட்டால் திரும்பி வராது" என்று ஒரு பெயர்.

4

பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்குத் திறந்தநிலைப் பள்ளி என்று ஒரு ஏற்பாடு உண்டு. வீட்டிலிருந்தே படித்துப் பன்னிரண்டாம் வகுப்பை எழுதலாம். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழி. சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் வகுப்பு. ஒரு பாடத்தில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். அரசாங்கம் யோசித்துச் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. இதை நான் அடிக்கடி சொல்கிற ஆள் இல்லை.

பெனியிடம் சொன்னேன். இரண்டு மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தவள், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வந்து கொடுத்தாள்: ஆங்கிலம், உளவியல், சமூகவியல், மனையியல், ஓவியம். ஓவியத்துக்கு அடியில் மட்டும் ஒரு கோடு.

எங்கள் அமைச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்புவோம். அவர் தாளைப் புரட்டுவார், குறியைத் தேடுவார், கையெழுத்திடுவார், அடுத்த தாள். மை காய்ந்ததும் குறியை ரப்பரால் அழித்துவிடுவோம். கீழே இருக்கிறவன் சரியாகத்தான் எழுதியிருப்பான், நான் படிக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையில் ஓடுகிற ஏற்பாடு அது. பணியில் இருந்த காலத்தில் அந்த நம்பிக்கைக்கு மாறாக நான் ஒரு வரி எழுதியதில்லை. இது சத்தியம். ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை எழுதினேன்.

இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பும்போது ஐந்தாவது பாடம் வந்தது. பட்டியலில் ஓவியம் இருந்தது. அதற்கு நாலு வரி கீழே தமிழும் இருந்தது. பதினேழு வயது. இப்போது படிக்கவில்லை என்றால் இனி எப்போது படிக்கப்போகிறாள்? பேச வரும், எழுத்துத்தானே, ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வாள். ஓவியம் எல்லாம் ஒரு பாடமா? இப்படி என் பக்கத்து நியாயங்கள் வரிசையாக வந்தன. எந்தத் தவறான கோப்பிலும் நியாயங்கள் வரிசையாகத்தான் இருக்கும்.

படிப்பு மையத்தில் கொடுக்க அச்செடுத்த பிரதியில் கையெழுத்து வேண்டும். மூன்று இடத்தில் பென்சில் குறி போட்டு நீட்டினேன். காதில் பாட்டு ஓட, நின்றபடியே மூன்று இடத்திலும் போட்டாள்.

"ஹோ கயா?"

"ஆயிற்று" என்றேன். குறிகளை அழித்தேன்.

5

புத்தகக் கட்டு வந்தது. பெனி தரையில் உட்கார்ந்து பிரித்தாள்.

"அப்பா, பெயிண்டிங் புக் வரல."

"அதுக்குப் பதிலாத் தமிழ் எடுத்திருக்கு."

"யாரு எடுத்தா?"

"நீதான் கையெழுத்துப் போட்டிருக்கே."

சொன்னவுடனேயே எனக்குத் தெரிந்தது, இந்த வாக்கியத்தை முன்பு பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று. எல்லோரும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரிகள்.

அவள் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, தலைகீழாக இல்லையே என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இத மாத்த முடியாதா பா?"

மாற்றலாம். சேர்க்கை உறுதியானதிலிருந்து குறித்த நாட்களுக்குள் ஒருமுறை பாடத்தை மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு அதில் பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது. காலண்டரைப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

"முடியாதும்மா. ரூல் அப்படி" என்றேன்.

விதி விஷயத்தில் எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மேல்முறையீடு கிடையாது. அவள் தலையாட்டிவிட்டுக் கட்டுக்கயிற்றைச் சுருட்டி வைத்தாள்.

டியூட்டி முடிந்து வந்த எஸ்தர் கேட்டாள்: "ஏங்க, புள்ள கேட்டத எழுதாம நீங்க நெனச்சத எழுதிருக்கியளே, இது நல்லாவா இருக்கு?"

"அவ நல்லதுக்குத்தான்."

"ஊசி போடும்போது நாங்களும் அதத்தான் சொல்லுதோம். ஆனா எங்க போடப்போறோம்னு சொல்லிட்டுப் போடுவோம்."

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பேசாமல் இருந்தேன். பதின்மூன்றாம் நாள் காலை எழுந்தபோது மனசு லேசாக இருந்தது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். இனி நான் சொன்னது பொய் இல்லை அல்லவா.

பெனி செல்போனை வைத்துக்கொண்டு தானே எழுத்துகளைப் படித்தாள். மூன்று மாதத்தில் கடைப்பெயர்ப் பலகை படிக்கிற அளவுக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் பெயர்ப்பலகை இல்லை. ஒருநாள் பழைய செய்யுள் ஒன்றைக் காட்டி அர்த்தம் கேட்டாள். எனக்கே உரை வேண்டியிருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டி, "இது?" என்றாள். அதற்கும் வேண்டியிருந்தது. அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

6

சனிக்கிழமை வகுப்பு ராமகிருஷ்ணபுரத்தில். ஓய்வு பெற்றபின் நாங்கள் குடிவந்த முனிர்காவிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். முதல் சில வாரம் நானும் போய் வாசலில் மற்றப் பெற்றோர்களோடு நின்றேன். அங்கே வந்தவர்களைப் பார்த்தால், பள்ளிக்கூடம் என்பது எத்தனை வகையான பிள்ளைகளைக் கீழே சிந்திவிட்டுப் போகிறது என்று தெரியும். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை போனவர்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்; வகுப்பு முடிகிற வரை மாமியார் மரத்தடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பார். குத்துச்சண்டைப் பயிற்சிக்காகப் பள்ளியை விட்ட பெண் ஒருத்தி. காது கேளாத பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், ஒரே வரிசையில்.

அந்த வரிசையில் இருந்தவள்தான் ரூபி. உத்தம் நகரிலிருந்து வருவாள். முதல் வாரம் பெனி அவளுக்குக் குறிப்பெடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் வாரம் ரூபி பெனிக்கு விரல்களால் பேசக் கற்றுக்கொடுத்தாள். இரண்டு மாதத்தில் அவர்கள் எங்கள் வீட்டு ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து கைகளால் பேசிச் சிரித்தார்கள். பதினொன்றாம் வகுப்புக்குப் பிறகு பெனி அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. எஸ்தர் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்ன பேசுதிய ரெண்டு பேரும்?"

"அப்பாவப் பத்தி."

அவர்கள் மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டாம். எனக்கு வைத்த பெயர், ஒரு கையை விரித்து அதன்மேல் மறு கை முஷ்டியால் முத்திரை குத்துவது. ரூபி வீட்டுக்குள் வந்ததும் என்னைப் பார்த்து அப்படி ஒரு குத்துக் குத்துவாள். அதுதான் எனக்கு வணக்கம். நானும் திருப்பிக் குத்துவேன். முப்பத்தெட்டு வருஷ டெல்லி வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு துல்லியமாக அழைத்ததில்லை.

சைகை மொழிபெயர்ப்பாளர் ஆவதற்கு ஒரு பட்டயப் படிப்பு இருக்கிறது. காது கேளாதவர்கள் சைகை மொழி ஆசிரியராவதற்கும் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே வளாகம், ஒரே ஜூலை. இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்வது என்று முடிவு செய்திருந்தார்கள். தகுதி: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி. பெனி தானாக ஆசைப்பட்டு ஒன்றைச் சொன்னது அவள் வாழ்க்கையில் இரண்டாவது தடவை. முதல் தடவை ஓவியம்.

7

முடிவு வந்த நான்காம் நாள் ரூபி வந்தாள். அவள் ஐந்திலும் தேறியிருந்தாள். உள்ளே வந்து என்னைப் பார்த்துக் கைகூப்பி நமஸ்தே சொன்னாள். முத்திரை குத்தவில்லை. பெனியின் அறைக்குள் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. கைகள் கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு நான்கு கைகளும் மடியில் கிடந்தன. காது கேட்கிறவர்கள் பேசாமல் இருந்தால் வேறு எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேசாமல் இருந்தால் ஒன்றுமே இல்லை.

அன்று மத்தியானம் ஞானம் அக்கா போன் செய்தாள்.

"ஏலே தம்பி, புள்ளைக்கு என்னல ஆச்சு?"

"ஹான்... தமிழ்ல போயிட்டுக்கா."

"ஹானாம் ஹான். ஊன்னு சொல்லத் தெரியல, மகளத் தமிழ் படிக்கச் சொன்னியாக்கும்."

ஏனென்று தெரியவில்லை, எஸ்தரிடம்கூட முழுசாகச் சொல்லாததை அக்காவிடம் சொன்னேன். பென்சில் குறி, ஓவியம், பன்னிரண்டு நாள் எல்லாம். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அன்னைக்கும் நீ பேப்பர் வரலன்னுதானல வந்து சொன்ன" என்றாள்.

ஐம்பது வருஷமாக அது எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன்.

"ஒனக்குத் தெரியுமாக்கா?"

"ஒன் மொகரையப் பாத்தாலே தெரிஞ்சிதுல்லா. பாவம் சின்னவன், சொல்ல மாட்டாம சொல்லுதான்னு சும்மா இருந்துட்டேன். அதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு அந்த அக்டோபர் பரீட்சை எழுதணும்னு இருந்துச்சில. யாரும் எங்கிட்ட கேக்கல. அப்பா கேக்கல. நீ பெரிய ஆபீசராயி இத்தன வட்டம் ஊருக்கு வந்த, நீயும் கேட்டதில்ல. அவகிட்டயாவது போயி உள்ளதச் சொல்லு."

"எப்படிச் சொல்ல?"

"அதுக்கும் அப்ளிகேசன் பாரம் இருக்கான்னு பாரு" என்று வைத்துவிட்டாள்.

8

தேர்வு முடிவுக்குப் பிறகும் பாடத்தை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு. தமிழை விட்டு ஓவியம் எடுத்து, அடுத்த தேர்வில் அதை மட்டும் எழுதலாம். பட்டயப் படிப்புக்கு அடுத்த ஜூலைதான். ரூபி தனியாக மெட்ரோ ஏறிப் போய்க்கொண்டிருப்பாள்.

படிவத்தை அச்செடுத்தேன். நான் ஒன்றையும் நிரப்பவில்லை. பென்சில் குறியும் போடவில்லை. சாப்பாட்டு மேஜையில் பெனியின் முன்னால் வைத்து, பக்கத்தில் ஒரு பேனாவையும் வைத்தேன். எதிரே எஸ்தர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு தொண்டையைச் செருமினேன். அதற்குள் பெனி படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதல் வரியிலிருந்து படித்தாள். விரலை வைத்து வைத்துப் படித்தாள். முன்பக்கம் முடித்து, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற விதிமுறைகளுக்குப் போனாள். என் பணிக்காலம் முழுவதிலும் ஒரு படிவத்தின் பின்பக்கத்தைப் படித்த ஆள் என்னைத் தவிர யாரும் கிடையாது. விரல் கீழே இறங்கி இறங்கி, ஏழாவது விதியில் நின்றது. எனக்கு அந்த விதி மனப்பாடம்.

"அப்பா. யே பிச்லே சால் பீ தா?" போன வருஷமும் இது இருந்ததா என்று கேட்டாள்.

"இருந்தது."

எஸ்தரின் கை கீரையில் நின்றது.

பெனி தமிழுக்கு மாறினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. புக் வந்த அன்னைக்குப் பன்னெண்டு நாள் பாக்கி இருந்தது. மாத்த முடியாதுன்னு நான் சொன்னது பொய்."

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. மறுபடி முன்பக்கத்தைத் திருப்பிப் பெயர், பதிவு எண், பழைய பாடம், புதிய பாடம் என்று நிரப்பினாள். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்துக்கு வந்தாள். என்ன எழுதினாலும் ஒத்துக்கொள்வது என்று நான் உட்கார்ந்திருந்தேன். இந்தியில் இரண்டு சொல் எழுதினாள். 'நிஜீ காரண்'. சொந்தக் காரணம்.

ராஜினாமாக் கடிதங்களில் அந்த இரண்டு சொல்லை நான் நூற்றுக்கணக்கில் பார்த்து, குறிப்பெழுதி, மேலே அனுப்பியிருக்கிறேன். எழுதினவர் யாரைக் காப்பாற்றுகிறார் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை.

பெனி கையெழுத்திடும் இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்திட்டாள். தாளை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கப்போகும்போது, "ஏக் மினிட்" என்று திரும்ப எடுத்து மேஜையில் வைத்து, செல்போனால் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

யாரிடம் எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஒரு நகல் உன்னிடம் இருக்கட்டும் என்பது சரோஜினி நகர் முழுக்க நான் சொன்ன அறிவுரை. பெனியிடமும் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன். இதுவரை அவள் அதைக் கேட்டதில்லை. வீட்டுக்குள் அது தேவைப்பட்டதில்லை.